கணக்கும் தமிழும் கர்த்தருக்கு முன்பாக: பள்ளிப் பாடங்களை மதிக்கும் கிறிஸ்தவக் கல்விக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி கடைசியில் சென்னையில் பல சபைகளில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கென்று ஒரு சிறப்பு ஜெபம் நடக்கும். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் முன்னால் வந்து முழங்கால் போடுவார்கள். நல்ல வழக்கம். ஆனால் அந்தப் பிள்ளை வருஷம் முழுக்கப் படித்த கணக்கும் அறிவியலும் தமிழும் தேவனுக்கு முன்பாக என்ன மதிப்புள்ளவை என்று அன்றைக்காவது யாராவது சொல்கிறார்களா? மார்க் வேண்டும் என்று கேட்கிறோம், பாடத்தைப் பற்றி ஒன்றும் பேசுவதில்லை.

நம் வீடுகளில் இரண்டு விதம் உண்டு. பத்தாம் வகுப்பு தொடங்கியதும் "இந்த ஒரு வருஷம் போகட்டும், அப்புறம் வரட்டும்" என்று ஓய்வுநாள் பள்ளியை நிறுத்திவிடும் வீடு ஒன்று. "உலகப் படிப்பு எவ்வளவு படித்து என்ன, ஆத்துமா முக்கியம்" என்று பாடப் புத்தகத்தை இரண்டாம் பட்சமாக வைக்கும் வீடு இன்னொன்று. வெளியில் பார்த்தால் நேர் எதிர். உள்ளே இருவர் மனதிலும் ஒரே எண்ணம்தான்: பாடம் வேலைக்கு, வேதம் தேவனுக்கு.

அந்த எண்ணம் தவறு என்று நான் முழுமனதாக நம்புகிறேன். பகலில் சென்னையில் ஓர் உதவிபெறும் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சபையில் ஓய்வுநாள் பள்ளி எடுக்கிறேன். இரண்டு இடத்திலும் நான் பார்ப்பது ஒரே பிள்ளைகளைத்தான். பாடங்களை நேர்மையாக, ஆழமாக, அந்தந்தப் பாடத்தின் முறைப்படியே கற்பதுதான் கிறிஸ்தவக் கல்வியின் பெரும்பகுதி. அதை வீட்டிலும் பள்ளியிலும் சபையிலும் எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன். பிள்ளை சமச்சீர் பாடத்திட்டமோ, சிபிஎஸ்இயோ, எதுவானாலும் இது பொருந்தும்.

முதல் படி: பெரியவர்கள் மனதைச் சரிசெய்துகொள்வது

தானியேலின் முதல் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். சிறைபிடித்துக் கொண்டுபோன தேசத்தில், கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் அந்த நான்கு வாலிபர்களும் கற்றார்கள். ராஜாவின் போஜனத்தை வேண்டாம் என்றவர்கள் ராஜாவின் பாடத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் படிப்பில் அவர்களுக்குச் சாமர்த்தியத்தைக் கொடுத்தவர் தேவன் என்று 17-ஆம் வசனம் சொல்கிறது. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவன் என்று அப்போஸ்தலர் 7:22 சொல்கிறது. பவுல் ஏதென்ஸில் பேசும்போது கிரேக்கக் கவிஞர்களின் வரியை எடுத்துச் சொல்கிறார். படிக்காமல் எடுத்திருக்க முடியாது.

நம் ஊர் வரலாறும் இதையே சொல்கிறது. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு முதலில் செய்த வேலைகளில் ஒன்று, மணலில் விரலால் எழுதும் தமிழ்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்துப் படித்தது. அடுத்த வருஷமே அங்கே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கியது. சென்னையில் 1715-ல் கோட்டைக்குள் ஆரம்பித்த தர்மப் பள்ளிதான் இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் புனித ஜார்ஜ் பள்ளி. தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் 1837-ல் தொடங்கிய ஒரு சிறிய பள்ளியில் இருக்கிறது. தாம்பரத்துக்குப் போனதே நூறு வருஷம் கழித்து, 1937-ல். இவற்றை நடத்தியவர்கள் எழுத்தையும் எண்ணையும் ஞானோபதேசத்தையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்தார்கள்.

எனவே "உலகப் படிப்பு" என்ற சொல்லைப் பிள்ளை காதுபடச் சொல்வதை இன்றோடு நிறுத்துங்கள். அந்தச் சொல் காதில் விழுந்த பிள்ளை, தன் நாளின் எட்டு மணி நேரம் தேவனுக்குச் சம்பந்தமில்லாதது என்று முடிவு கட்டிவிடும்.

இரண்டாம் படி: பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பது

ரேங்க் கார்டை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, மூன்று காரியம் செய்யுங்கள். தமிழ் வேதாகமத்தில் பழக்கமில்லாத ஒரு பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மனப்பாடமாக இருக்கும் 23-ஆம் சங்கீதம் வேண்டாம், நெகேமியாவில் ஒரு பத்தி போதும். அப்புறம் ஆங்கிலத்தில் ஒரு செய்தியை வாசித்து, என்ன புரிந்தது என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மூன்றாவதாக, மளிகைக் கடை ரசீது ஒன்றைக் கொடுத்து, கூட்டல் சரியா, தள்ளுபடி சரியா என்று கால்குலேட்டர் இல்லாமல் பார்க்கச் சொல்லுங்கள்.

எட்டாம் வகுப்பில் 80 மார்க் வாங்கும் பிள்ளை இதில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திட்டாதீர்கள். எந்த இடத்தில் தடுமாறியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இனி வரும் படிகளில் எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்பதை அந்த நோட்டு சொல்லும்.

மூன்றாம் படி: தமிழிலிருந்து தொடங்குவது

முதலில் தமிழ் என்று சொல்வதற்கு நேரடியான காரணம் இருக்கிறது. சபையில் திரையில் ஓடும் பாட்டு வரிகள் பல இடங்களில் ஆங்கில எழுத்தில் வருகின்றன. பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பாடுகிறார்கள். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து அந்நியமாகி வருகிறது. தன் பாட்டியின் வேதாகமத்தைத் தானே திறந்து படிக்க முடியாத பிள்ளை, விசுவாசத்தை எப்போதும் அடுத்தவர் வாயிலிருந்துதான் பெற்றுக்கொள்ளும். வாசிப்பு என்பது மார்க் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

தினம் 20 நிமிஷம் சத்தமான வாசிப்பு. ஒரு நாள் வேதம், மறுநாள் தமிழ்ப் பாடப்புத்தகத்தின் செய்யுள். பழைய மொழிபெயர்ப்பில் "சுமுத்திரையான நிறைகல்" போன்ற சொல் வந்தால் தாண்டிப் போக விடாதீர்கள். அகராதியைப் புரட்டச் சொல்லுங்கள். அகராதியைப் புரட்டும்போது சதுரகராதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம். 1732-ல் அதைத் தொகுத்தவர் வீரமாமுனிவர். இத்தாலியிலிருந்து வந்த அந்தத் துறவி, யோசேப்பைப் பாட்டுடைத் தலைவனாக வைத்துத் தேம்பாவணி பாடினார். இலக்கணம் படிக்காமல், யாப்பு பழகாமல் அந்தக் காவியம் வந்திருக்காது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1886-ல் வெளியிட்ட போப் ஐயரும் ஒரு போதகர்தான். தமிழின் முதல் நாவலை 1879-ல் தந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளை ஒரு கிறிஸ்தவர், முன்சீப்பாக இருந்தவர், பெண் கல்விக்காக எழுதியவர். குறள் படித்தால் விசுவாசம் குறைந்துவிடும் என்று பயப்படும் வீடுகளில் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

செய்யுள் நடத்தும்போது ஒரு காரியம் எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். 119-ஆம் சங்கீதத்தில் 176 வசனங்கள். எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனம் என்று வரிசையாகப் பாடப்பட்டது அது. ஆத்திசூடியை "அறம் செய விரும்பு, ஆறுவது சினம், இயல்வது கரவேல்" என்று பாடிய பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம், உடனே பிடித்துக்கொள்ளும். "அவங்களும் அ ஆ இ ஈ வரிசையில எழுதினாங்களா சார்?" என்று ஒரு ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள். ஔவையாரை நன்றாகப் படித்ததால்தான் அவளால் சங்கீதக்காரனைப் புரிந்துகொள்ள முடிந்தது. சங்கீதங்களில் பல இடங்களில் இரண்டாம் அடி முதல் அடியையே வேறு சொல்லில் திருப்பிச் சொல்லும். அதையும் பென்சிலால் அடிக்கோடிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இதுவே செய்யுள் நயம் பாராட்டலுக்கு நல்ல பயிற்சி.

வாரம் ஒரு முறை ஒரு பக்கம் எழுத்து வேலையும் வேண்டும். பிரசங்கத்தில் கேட்டதைத் தன் சொந்த வார்த்தையில் சுருக்கி எழுதுவது நல்ல பழக்கம். ஊரில் இருக்கும் தாத்தாவுக்குக் கடிதம் எழுதினாலும் சரி. ஆங்கிலத்துக்கும் இதே முறைதான்: சத்தமான வாசிப்பு, அகராதி, ஒரு பக்கம் எழுத்து. அதற்குத் தனியாக நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. தமிழை ஒதுக்கிவிட்டு அதை வளர்க்காதீர்கள் என்பது மட்டும் போதும்.

நான்காம் படி: கணக்கைக் கணக்காகவே நடத்துவது

கிறிஸ்தவக் கணக்கு என்று சொல்லிக்கொண்டு சிலர் செய்வது இது: "பேதுரு 5 மீன் பிடித்தான், யோவான் 3 மீன் பிடித்தான், மொத்தம் எத்தனை?" இதில் கணக்கும் வளரவில்லை, வேதமும் புரியவில்லை. ஒட்டு வேலை. பிள்ளைகள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கணக்கின் மதிப்பு அதன் உண்மையில் இருக்கிறது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் விடை ஒன்றுதான். விருப்பப்பட்டபடி விடையை மாற்ற முடியாது. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்று நீதிமொழிகள் 11:1 சொல்வதன் கனம், எடை போடவும் சதவீதம் பார்க்கவும் தெரிந்தவனுக்குத்தான் முழுதாகப் புரியும். வட்டிக் கணக்கு தெரியாத குடும்பத்தைக் கந்துவட்டிக்காரர் எப்படி ஆட்டி வைக்கிறார் என்று வடசென்னையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தினம் நூறு ரூபாய் கட்டும் தண்டல் கடனுக்கு உண்மையான வருட வட்டி எவ்வளவு என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணக்கிடக் கற்றுக்கொடுப்பதை நான் ஊழியம் என்றே சொல்வேன்.

சில இடங்களில் கணக்கு தெரியாவிட்டால் வேதமே புரியாது. மத்தேயு 18-ல் வரும் மன்னிக்காத வேலைக்காரன் உவமையை எட்டாம் வகுப்புக்கு நான் இப்படி நடத்துவேன். பலகையில் நான்கு தகவல்: அவன் ராஜாவுக்குத் தர வேண்டியது 10,000 தாலந்து. அவனுக்கு உடன்வேலைக்காரன் தர வேண்டியது 100 வெள்ளிப்பணம். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி, அது மத்தேயு 20-ல் வருகிறது. அப்புறம் நான் பேசுவதில்லை, அவர்கள் நோட்டில் போடுவார்கள்.

10,000-ஐ 6,000-ஆல் பெருக்கினால் 6 கோடி நாள் கூலி. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றால் 2 லட்சம் வருஷம். நாள் கூலி 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,800 கோடி ரூபாய். உடன்வேலைக்காரனுடைய கடன்? 100 நாள் கூலி, 80,000 ரூபாய். இரண்டுக்கும் விகிதம் 6 லட்சத்துக்கு 1. இந்த இடத்தில் வகுப்பு அமைதியாகிவிடும், பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள். ஒரு முறை ஒரு பையன், "சார், 80,000 கூடச் சின்னக் காசு இல்லையே, எங்க அப்பாவுக்கு அது பெரிய கடன்" என்றான். அதுதான் அந்த உவமையின் கூர்மை. மன்னிக்கச் சொல்லும் கடன் அற்பமானது என்று இயேசு சொல்லவில்லை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு அது. விகிதமும் பெருக்கலும் தெரியாமல் இதைப் பிரசங்கத்தில் எத்தனை முறை கேட்டாலும் "பெரிய கடன், சின்னக் கடன்" என்பதோடு நின்றுவிடும்.

கஷ்டமான கேள்விகளையும் பிள்ளைகளிடம் கொண்டுவாருங்கள். 1 இராஜாக்கள் 7:23-ல் சாலொமோன் செய்த வெண்கலக் கடல்தொட்டிக்கு விட்டம் 10 முழம், சுற்றளவு 30 முழம். பை 3.14 என்று படித்த பிள்ளை, 31.4 அல்லவா வர வேண்டும் என்று கேட்கும், கேட்கவும் வேண்டும். இட்லிப் பானை மூடியையும் நூலையும் கையில் கொடுங்கள். விளிம்பைச் சுற்றி நூலைப் பிடித்து, அளவுகோலில் வைத்துப் பார்க்கட்டும். 32 செ.மீ. விட்டமுள்ள மூடிக்கு ஒருத்தி 100 என்பாள், இன்னொருவன் 101 என்பான். அளவு எடுக்கும்போது முழு எண்ணுக்குத் திருத்துவது என்றால் என்ன என்று கை வழியாகப் புரியும். அதே அதிகாரம் 26-ஆம் வசனத்தில் தொட்டியின் கனம் நாலு விரற்கடை, விளிம்பு மலர்ந்த பூவைப்போல விரிந்திருந்தது என்றும் வருகிறது. விட்டத்தை விரிந்த விளிம்பிலும் சுற்றளவைக் கீழேயும் எடுத்திருந்தால் என்ன ஆகும் என்று அவர்களே யோசிப்பார்கள். கேள்வி கேட்டதற்காக எந்தப் பிள்ளையையும் அதட்டாதீர்கள்.

பத்தாம் வகுப்பில் ஏற்றக் கோணம் வரும்போது பரங்கிமலைக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். தோமா மலை என்று நாம் ஜெபத்துக்குப் போகும் அதே இடம்தான். 1802-ல் வில்லியம் லாம்டன் அதன் பக்கத்தில் சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிப்படைக் கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியாவையே அளக்கத் தொடங்கினார். எவரெஸ்டின் உயரம் தெரிந்தது அந்த அளவைப் பணியின் தொடர்ச்சியில்தான். ஆலயத்தில் ஜெபித்துவிட்டு, மதில் ஓரம் நின்று விமான நிலையத்தைப் பார்த்தபடி ஒரு இறக்கக் கோணக் கணக்குப் போட்டுவிட்டு இறங்கலாம்.

ஐந்தாம் படி: அறிவியலில் பயத்தை விட்டுவிடுவது

எல்லோரும் தயங்கும் இடத்துக்கே நேராக வருகிறேன். சமச்சீர் பத்தாம் வகுப்பு அறிவியலில் "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" என்று ஒரு பாடம் இருக்கிறது. பல வீடுகளில் "பரீட்சைக்கு எழுது, மனசில் வைக்காதே" என்கிறார்கள். அது பொய் எழுதப் பழக்குவது. ஒரு பாடத்தை நம்பாமல் எழுதிப் பழகிய பிள்ளை, நாளைக்கு நம்பாமல் ஜெபிக்கவும் பழகும்.

பாடத்தில் என்ன சொல்லியிருக்கிறதோ அதை முழுதாக, நியாயமாகக் கற்பியுங்கள்: புதைபடிவம் என்றால் என்ன, அதன் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள், டார்வின் எதைக் கவனித்தார். அதன் பிறகு, ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைக் கிறிஸ்தவர்களே ஒரே விதமாக வாசிப்பதில்லை என்பதையும் சொல்லுங்கள். ஆறு நாளை 24 மணி நேர நாளாக எடுப்பவர்கள் உண்டு, நீண்ட காலங்களாக எடுப்பவர்கள் உண்டு, படைத்தவர் யார் என்று அறிவிக்கும் பாடலாக வாசிப்பவர்களும் உண்டு. உங்கள் நிலைப்பாடு எது என்றும் சொல்லுங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த நேர்மையைத் தாங்கும் பலம் இருக்கிறது.

அதே புத்தகத்தில் பட்டாணிச் செடியை வைத்துப் பாரம்பரியத்தைக் கண்டறிந்த மெண்டல் வருகிறார். அவர் ஒரு அகஸ்தினியத் துறவி, மடத்துத் தோட்டத்தில் செய்த ஆராய்ச்சி அது. அண்டம் விரிவடைகிறது என்று 1927-ல் எழுதிய லெமத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. கிரகங்களின் பாதையைக் கண்ட கெப்ளர் தன் வேலையையே ஆராதனையாக நினைத்தவர். பெயரை மட்டும் சொல்லிப் பெருமைப்படுவதில் பிரயோஜனமில்லை. அவர்கள் எத்தனை செடியை எண்ணினார்கள், எத்தனை வருஷம் ஒரே கணக்கைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள் என்பதைச் சொன்னால் பிள்ளைக்கு உழைப்பு புரியும்.

வகுப்பறைக்கு வெளியே சென்னை ஒரு பெரிய ஆய்வகம். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரு காலை பள்ளிக்கரணைக்குப் போய்ச் சாலையோரம் நின்று பாருங்கள், வெளியூர்ப் பறவைகள் இறங்கியிருக்கும். நாரையும் தகைவிலான் குருவியும் தாங்கள் வரத்தக்க காலத்தை அறியும் என்று எரேமியா 8:7 சொல்வது வலசை போதலைத்தான். எந்தப் பறவை எந்த மாதம் வந்தது என்று பிள்ளை ஒரு நோட்டில் எழுதட்டும். கோட்டூர்புரம் கோளரங்கத்துக்கு ஒரு நாள். எழும்பூர் புனித ஆண்ட்ரூஸ் ஆலயத்துக்கு ஒரு நாள்: 1821-ல் கட்டி முடித்த அந்த ஆலயத்துக்கு மண் இளகலாக இருந்ததால் கிணறு கிணறாக இறக்கி அதன் மேல் அஸ்திவாரம் போட்டார்கள். கன்மலையின் மேல் வீடு கட்டினவன் உவமையை அங்கே உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.

அறிவியல் அன்பு செய்யும் வழியும்கூட. 1900-ல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. அவ்வளவு தூரம் போக வேண்டாம், அக்டோபர் மழை தொடங்கியதும் டெங்குக் கொசு எங்கே முட்டையிடும் என்று பாடத்தில் படித்த பிள்ளைகளைச் சபை வளாகத்தைச் சுற்றிவரச் சொல்லுங்கள். பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடித் தொட்டி. முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய 8 முதல் 10 நாள் ஆகும், எனவே வாரம் ஒரு முறை கொட்டிவிட்டால் போதும். பக்கத்துத் தெருவுக்கும் இதைச் செய்தால் சபையைப் பற்றித் தெரு என்ன நினைக்கிறது என்பதே மாறும்.

ஆறாம் படி: சமூக அறிவியலில் உண்மை பேசப் பழக்குவது

லூக்கா தன் சுவிசேஷத்தை எப்படித் தொடங்குகிறார் என்று பாருங்கள். கண்ணாரக் கண்டவர்கள் சொன்னதைத் திட்டமாய் விசாரித்து ஒழுங்காக எழுதுகிறேன் என்கிறார். திபேரியு ராயன் ஆண்ட பதினைந்தாம் வருஷம் என்று காலம் குறிக்கிறார். வரலாற்றுப் பாடம் கற்றுக்கொடுப்பதும் இதைத்தான்: யார் சொன்னது, எப்போது, என்ன ஆதாரம்?

பரங்கிமலையிலேயே இதைப் பழகலாம். தோமா கி.பி. 52-ல் வந்தார், 72-ல் இங்கே இரத்தசாட்சியாக மரித்தார் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் மரபு. ஆலயத்தில் இருக்கும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்துப் பொறித்த கற்சிலுவை 1547-ல் கிடைத்தது என்பது பதிவு. மரபு சொல்வது எது, கல் சொல்வது எது என்று பிள்ளை பிரித்துச் சொல்லட்டும். மரபை மதிப்பதற்கு அதைப் பதிவு என்று சொல்லத் தேவையில்லை. அப்புறம் கோட்டைக்குள் 1680-ல் பிரதிஷ்டையான புனித மரியாள் ஆலயத்துக்குப் போய், சுவரில் இருக்கும் கல்வெட்டுகளில் எத்தனை பேர் முப்பது வயதுக்குள் இறந்திருக்கிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். மருந்தில்லாத காலம் எப்படியிருந்தது என்று தெரியும்.

நமக்கு வலிக்கும் பக்கங்களையும் மறைக்காதீர்கள். சபைக்குள் சாதி பார்த்துத் தனித்தனியாக உட்கார்ந்த காலம் இருந்தது. அதை விட்டுவிட வேண்டும் என்று 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் உத்தரவு போட்டபோது, நம் தமிழ்ச் சபைகளில்தான் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. இன்றும் தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கும் ஊர்கள் உண்டு. பள்ளி கட்டியதைப் பெருமையாகச் சொல்லும் நாம் இதையும் அதே குரலில் சொல்ல வேண்டும். வேதமே தாவீதின் பாவத்தை மறைக்கவில்லை.

குடிமையியலில் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவை நாம் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறோம், சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை அது. 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவை அவ்வளவாகப் பேசுவதில்லை. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் படிக்கும் யாரையும், சம்மதமில்லாமல் மதப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது, பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று அது சொல்கிறது. சென்னையின் கிறிஸ்தவப் பள்ளிகளில் பாதிக்குப் பாதியாவது வேறு மதத்துப் பிள்ளைகள் உட்காரும் வகுப்புகள் சாதாரணம். அவர்களுக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய சாட்சி, பாரபட்சமில்லாமல், பொறுமையாக, நன்றாக நடத்தப்பட்ட பாடம்தான். எங்கள் பள்ளியில் படித்த ஒரு முஸ்லிம் பையனின் அம்மா, "உங்க ஸ்கூல்ல பிள்ளையை ஏமாத்த மாட்டாங்க சார்" என்றார். அதைக் காப்பாற்றுவது ஆசிரியர் அறையின் வேலை.

ஏழாம் படி: சபைக் கூடத்தைத் திறந்துவைப்பது

ஞாயிற்றுக்கிழமை மட்டும் திறக்கும் கூடம், மின்விசிறி, நாற்காலி, கழிப்பறை எல்லாம் மற்ற ஆறு நாளும் பூட்டிக் கிடக்கிறது. நாலு தெரு தள்ளி ஒரே அறை வீட்டில், டிவி சத்தத்தில், ஒரு பிள்ளை பத்தாம் வகுப்புப் படிக்கிறது. மாலை 6 முதல் 8 வரை கூடத்தைத் திறந்துவைத்தாலே பாதி வேலை முடிந்தது.

ஆசிரியருக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். 1789-ல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற போதகருக்கும் இதே சிக்கல்தான். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, பெரிய பிள்ளைகளே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். 1797-ல் அதை இங்கிலாந்தில் எழுதி வெளியிட, "மெட்ராஸ் முறை" என்றே பெயர் பரவியது. நம் ஊரில் பிறந்த முறை நமக்கே உதவட்டும். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லட்டும், கல்லூரிப் பிள்ளை பதினொன்றுக்கு. சொல்லிக் கொடுப்பவருக்கே பாடம் இன்னும் உறுதியாகும்.

மூன்று விதிகள் வேண்டும். எந்த மதத்துப் பிள்ளையும் வரலாம். ஜெபம் கட்டாயமில்லை. இரண்டு பெரியவர்களாவது எப்போதும் கூடத்தில் இருக்க வேண்டும், பிள்ளைகளின் பாதுகாப்பில் சமரசமே கூடாது.

எட்டாம் படி: பள்ளி சேர்க்கும்போது கேட்க வேண்டியவை

பெயரில் புனிதர் இருந்தால் போதாது. ஆய்வகத்தைப் பிள்ளைகள் வாரம் எத்தனை முறை பயன்படுத்துகிறார்கள்? நூலகப் புத்தகம் வீட்டுக்கு வருமா? மாரல் சயின்ஸ் பீரியடையும் விளையாட்டுப் பீரியடையும் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறாரா? ஒன்பதாம் வகுப்பில் மார்க் குறைந்த பிள்ளைக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டு நூறு சதவீதத் தேர்ச்சி என்று பேனர் கட்டுகிறார்களா? கடைசிக் கேள்விக்குப் பதிலை அலுவலகத்தில் கேட்காதீர்கள், வாசலில் காத்திருக்கும் பெற்றோரிடம் கேளுங்கள். காலை ஜெபம் எவ்வளவு நன்றாக நடந்தாலும் அப்படிச் செய்யும் பள்ளி பலவீனமான பிள்ளையைக் கைவிட்ட பள்ளிதான்.

ஒன்பதாம் படி: பரீட்சை வருஷத்தையும் ரிசல்ட் நாளையும் நடத்துவது

பத்தாம் வகுப்பில் ஓய்வுநாள் பள்ளியை நிறுத்தாதீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம்தான், அது மார்க்கைக் குறைக்காது. ஜெபத்தில் "படித்தது ஞாபகம் வரட்டும், பதற்றம் இல்லாமல் எழுதட்டும்" என்று கேளுங்கள், படிக்காததைக் கேட்காதீர்கள். காப்பியடித்து வாங்கிய மார்க்குக்கு ஸ்தோத்திரம் சொல்ல முடியாது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

ரிசல்ட் வந்த ஞாயிறு, 490 வாங்கிய பிள்ளையை மட்டும் முன்னால் அழைத்துச் சாட்சி சொல்ல வைக்கும் வழக்கத்தை ஆயரிடம் பேசி மாற்றுங்கள். கணக்கில் 35-ஐத் தொட்ட பிள்ளையும், துணைத் தேர்வில் இரண்டாம் முறை எழுதித் தேறிய பிள்ளையும் அதே இடத்தில் நிற்கட்டும். தேறாத பிள்ளையின் வீட்டுக்கு அன்றைக்கே யாராவது போக வேண்டும், ஆலோசனையோடு போகாமல் சாப்பாட்டோடு போக வேண்டும். மனம் உடைந்து சாவைப் பற்றி ஏதாவது பேசினால் தனியாக விடாதீர்கள், 104 என்ற அரசு உதவி எண்ணில் ஆலோசகர்களிடம் பேசலாம்.

எவ்வளவு முயன்றும் எழுத்துகள் மாறி மாறித் தெரிகிற, வாசிக்கவே முடியாத பிள்ளைகளும் நம் நடுவில் இருக்கிறார்கள். அதைச் சோம்பல் என்றோ பிசாசின் தடை என்றோ சொல்லித் தள்ளாதீர்கள், கற்றல் குறைபாடாக இருக்கலாம். மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும். பத்தாம் வகுப்பு டிசம்பர் வரை காத்திருக்காமல், ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே பரிசோதனையை முடித்து, சான்றை வாங்கி வைத்துவிடுங்கள்.